வாசலில் நின்ற ஹெரால்டு

பழவேற்காடு
12.8.2020

தஸ்லீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் விசாரிக்கிறேன். இந்தக் கொள்ளை நோய்க் காலத்தில் உன் வீட்டில் யாரும் படுக்கவில்லை என்று நம்புகிறேன். இங்கேயும் யாரும் படுக்கவில்லை.

இருபத்தோரு வருடம் கழித்து எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். நீ நினைவுபடுத்த வேண்டியதில்லை. காரணம் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அத்தாவின் ஹெரால்டு காரை விற்கப்போகிறேன். ஆர்.சி. புத்தகம் இன்னும் அத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் மவுத்தான பிறகு நான் மாற்றவில்லை. விற்பதென்றால் ஆட்சேபனை இல்லை என்று வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருக்கிற புரோக்கர் டேவிட் சொன்னார். சட்டம் உன்னையும் வாரிசு என்கிறது. சட்டத்தோடு நான் மல்லுக்கு நிற்க முடியாது. பத்திரம் இத்துடன் இருக்கிறது. போட்டுத் திருப்பி அனுப்பு.

இப்போது பஸ் ஓடவில்லை. ஓடினாலும் நான் திருப்பாலைவனத்தில் இறங்கப்போவதில்லை. உன் போன் நம்பர் என்னிடம் கிடையாது. தபால்காரர் போதும்.

ஏன் விற்கிறாய் என்று கேட்பாய். உப்புக்காற்றில் பழைய காரைக் காப்பாற்றுவது வெட்டி வேலை. கல்லூரி மூடிக் கிடக்கிறது, எனக்குப் பொழுது இருக்கிறது, அதனால் இதையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். வேறு காரணம் இல்லை. ஊரெல்லாம் முடங்கிக் கிடக்கும்போது விற்கிறவன் முட்டாள் என்பது பொருளாதாரம் கற்பிக்கிற எனக்குத் தெரியாததல்ல.

இப்படிக்கு,
மு. இனாயத்துல்லா, எம்.ஏ., எம்.ஃபில்.


திருப்பாலைவனம்
24.8.2020

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கையின் ஸலாம்.

நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே, “டீச்சர், பழவேற்காட்லேர்ந்து லெட்டரு”னு கத்தினார். அந்த ஊரிலிருந்து எனக்கு மவுத் செய்தி தவிர வேறென்ன வரும்? உறையில் உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

நாங்கள் நலம். சுபாஷ் வயலில் இருக்கிறார். என் மாமியார் திரௌபதி அம்மாளுக்குக் கண்ணில் புரை. மாமனார் சம்பந்தம் இறந்து நாலு வருடமாகிறது. மகள் இளவரசி காலேஜில் முதல் வருடம், இப்போது போனில் பாடம் கேட்கிறாள். அண்ணி எப்படி இருக்கிறார்? உன் மகள் ஃபர்ஹத் உன் ஜாடையா, அண்ணி ஜாடையா? எனக்குத் தெரியாது பார்.

கல்லூரி மூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சம்பளம் வருகிறதா? எங்கள் பள்ளியில் மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். நான் இப்போது நாற்று நடுகிறேன். முதுகு ஒடிகிறது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாங்குகிறவர் யார்? ஓட்டுவாரா, இல்லை கண்ணாடிக்குள் நிறுத்திவைத்து வேடிக்கை பார்ப்பாரா?

உங்கள் எல்லோருக்கும் உடம்பு சுகத்தைக் கேட்டு துஆ செய்கிறேன்.

தஸ்லீமா


பழவேற்காடு
5.9.2020

தஸ்லீமாவுக்கு,

ஸலாம். உன் மாமியாரின் புரையைத் தள்ளிப்போட வேண்டாம். முற்றவிட்டால் சிக்கல்.

நீ தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் சான்றிதழ்களில் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது? ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். புதுப் பத்திரம் அனுப்புகிறேன். இந்தத் தடவை ஒழுங்காகப் போடு.

வாங்குகிறவர் பெயர் முரளி. சென்னையில் பழைய கார்கள் பதினைந்து வைத்திருக்கிறாராம். இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தார். பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. மெட்ராஸிலேயே செய்த வண்டி, எல்லாப் பாகமும் அசல் என்று கையைத் தட்டினார். பிறகு அடியில் குனிந்தவர் மாஸ்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சார், இன்னா சார் இது, மீன் வாடை?”

அத்தா சாகும்வரை வண்டியின் அடிப்பக்கத்துக்கு மீன் எண்ணெய்தான் பூசுவார், படகுக்குப் பூசுவது போல. நானும் அதைத்தான் செய்கிறேன். துரு அண்டாது. சொன்னேன். “மெட்ராஸ்ல வெயில்ல நிறுத்தினா தெருவே ஓடிடும்” என்றார். அதற்குள் படகுக்கார சகாதேவன் வேலி மேல் சாய்ந்துகொண்டு, “இன்னா பாய், காருக்குப் பொண்ணு பாக்க வந்துருக்காங்களா? வாடை அடிக்குதுன்னா வரதட்சணைய கொறச்சுக்கோ” என்று சிரிக்கிறான். இந்த ஊரில் ஒரு மனிதன் கௌரவமாக எதையும் விற்க முடியாது. வாங்கவும் முடியாது.

நீ வீட்டை விட்டுப் போன அந்த மாதமே எனக்கு ராயபுரத்தில் செய்திருந்த நிச்சயம் முறிந்தது. “தங்கச்சி அப்படிப் போன வூடு”னு பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அதை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். உன் அண்ணி பரக்கத் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் தெருவில் நான் தலை குனிந்து நடந்தது நடந்ததுதான். அத்தாவும் குனிந்துதான் நடந்தார். உன்னை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. நானும் அவருக்காகத்தான் இத்தனை காலம் இப்படி இருக்கிறேன்.

ஃபர்ஹத் அத்தா ஜாடை.

மு. இனாயத்துல்லா


திருப்பாலைவனம்
19.9.2020

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

ஃபர்ஹத் அத்தா ஜாடை என்ற வரியை இளவரசிக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ நானும் அவங்களும் ஒரே மாதிரி இருப்போமா?” என்றாள். இவளுக்கும் அந்த நெற்றிதான்.

நிச்சயம் முறிந்தது எனக்குத் தெரியும். நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் சின்னதாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். பேனா நன்றாக அழுந்தட்டும் என்று இரண்டு தடவை இழுத்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொள்ளப் போகிறது. அந்த முரளியிடம் சொல்லிவிடு, இடது கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். அப்படியே இழுத்தால் மேல் மூலையில் இடைவெளி விழும், சீட்டு நனைந்துவிடும்.

பஸ் விட்டுவிட்டார்கள். காலையில் பழவேற்காடு பஸ் எங்கள் தெருமுனையில் நின்று போகிறது. சும்மா எழுதினேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் ஸலாம்.

தஸ்லீமா


பழவேற்காடு
24.9.2020

தஸ்லீமா,

ஸலாம். நலம்.

இடது கதவு நசுங்கியது 2006இல். பொன்னேரியில் லாரி உரசிவிட்டது என்று அத்தா சொன்னார். நீ இந்த வீட்டை விட்டுப் போனது 1999இல்.

அந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

இனாயத்துல்லா


திருப்பாலைவனம்
4.10.2020

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். இந்தக் கடிதம் உன் உடம்புக்கு ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அத்தா வந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வருவார். பொன்னேரிக்கு வசூலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வாராம். நீ அந்த நேரம் கல்லூரியில் இருப்பாய். முதல் தடவை வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். ஹார்ன் சத்தம் கேட்டு ஓடினேன். வாசலில் ஹெரால்டு நிற்கிறது, அத்தா இறங்கவில்லை. மாமனார் ஓடிப்போய், “பாய், உள்ள வாங்க” என்றார்.

“இல்ல சம்பந்தம். இவ வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு என் புள்ளைக்கு ஆணை குடுத்துட்டேன். அவன் கேட்டான், குடுத்துட்டேன். அல்லாஹ் பேர்ல சொன்னத மீற முடியாது.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்போ சோறு வெளிய வரும்” என்றார்.

அப்படித்தான் நடந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவேன். அவர் சாப்பிடுவார். உன்னைப் பற்றிச் சொல்வார். உன் எம்.ஃபில்., உன் கல்யாணம், ஃபர்ஹத் பிறந்தது, தாளாளரோடு நீ போட்ட சண்டை எல்லாம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து கேட்டதுதான். இளவரசி பிறந்தபோது துணியில் சுற்றிக் காருக்குள் கொண்டுபோனேன். அங்கேதான் அவள் காதில் பாங்கு சொன்னார். என் மாமியார், “இன்னாய்யா சொல்றாரு?” என்று கேட்க, மாமனார், “நல்லதுதான் சொல்வாரு, சும்மா இரு” என்று அடக்கினார்.

கதவை நசுக்கியது லாரி இல்லை. எங்கள் வீட்டு மாடு. மணியடித்தாற்போல் ஒரே முட்டு. “உங்க மாட்டுக்கு என் வண்டி புடிக்கல சம்பந்தம்” என்று அத்தா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒவ்வொருத்திக்கும் தாய்வீடு ஏதோ ஒரு தெருவில் இருக்கும். எனக்கு அது வாரம் ஒரு தடவை வாசலுக்கு வந்து நின்றது. 2012இல் அவர் மவுத்தோடு அதுவும் நின்றுவிட்டது. ஜனாஸா அன்று உங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். தலையைத் திருப்பிக்கொண்டாய்.

உன்னைக் குத்த எழுதவில்லை. நீ கேட்டாய்.

தஸ்லீமா


திருப்பாலைவனம்
1.12.2020

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

பதில் இல்லை. புயல் மழையில் ஏரி ஏறி வந்துவிட்டது என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்ததா? ஷெட் நிற்கிறதா? இங்கே பயிர் சாய்ந்துவிட்டது, மற்றபடி சேதமில்லை.

கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. நலம் என்று ஒரு வரி போடு.

தஸ்லீமா


பழவேற்காடு
20.12.2020

அன்பான தஸ்லீமாவுக்கு, பரக்கத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாம் முகம் பார்த்ததில்லை, ஆனாலும் உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆ உண்டு.

உங்க அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அக்டோபரில் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறார். காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். சகாதேவன் கூட, “பாய் எந்த ஊருக்குப் போய்னுகீறாரு?”னு என்னிடம் கேட்கிறார்.

முரளி மூன்று தடவை போன் செய்தார். கார் விற்பனைக்கு இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். நான் சண்டை போட்டேன். “அது அவ தாய்வீடாம். அத நான் எப்டி விக்கிறது?” என்கிறார். ஒரு பக்கம் உங்களைத் திட்டுகிறார், ஒரு பக்கம் அத்தாவைத் திட்டுகிறார். நடுராத்திரி எழுந்து, “பொன்னேரியாம், வசூலாம்” என்கிறார்.

அவர் உங்களுக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். கல்லூரியில் ஜூன் மாதமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஃபர்ஹத் நர்சிங் படிக்கிறாள், ஜனவரிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். என் நகை ஏற்கெனவே போய்விட்டது. கார்தான் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் தமிழில் போட்ட முதல் கையெழுத்தே போதும் என்றுதான் டேவிட் சொன்னார், என் காதால் கேட்டேன். உங்க அண்ணன் எதற்கு இன்னொன்று கேட்டு எழுதினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பரக்கத் பீவி


திருப்பாலைவனம்
28.12.2020

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

கார் இன்னும் போகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஃபர்ஹத் நர்சிங் சேர்ந்திருப்பதும் காதில் விழுந்தது. நல்ல படிப்பு, செலவுள்ள படிப்பு. விற்றுவிடு அண்ணா.

எனக்காக அதை வைத்திருக்காதே. ஆர்.சி. புத்தகமோ, பானெட்டோ, அசல் பாகமோ எதற்கும் நான் அழவில்லை. அத்தாவின் பேத்தி படிப்பை நிறுத்திவிட்டு, அவர் பேரைச் சொல்லிக் காரை ஷெட்டில் வைத்திருந்தால் அவரே வந்து சாவியைப் பிடுங்குவார்.

இத்துடன் இரண்டு பத்திரம் இருக்கிறது. ஒன்றில் தமிழில் போட்டிருக்கிறேன், ஒன்றில் ஆங்கிலத்தில். இனி இதைக் காரணம் காட்டி நீ எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் சும்மா எழுது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எட்டு வருடமாக என் வாசலில் பழவேற்காட்டிலிருந்து யாரும் வந்து நின்றதில்லை. கார் உன் ஷெட்டில்தான் இருந்தது, டயரில் காற்றும் இருந்தது. அதனால் கார் போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்லாதே.

உன் தலைவலி, முழங்கால் எல்லாம் எப்படி என்று தெரியாமலே நலம் கேட்டு முடிக்கிறேன்.

தஸ்லீமா


பழவேற்காடு
8.2.2021

அன்புள்ள தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தலைவலி இல்லை. முழங்கால் இருக்கிறது. பிரஷர் என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

நடந்தது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் சொல்கிறேன்.

முரளிதான் வாங்கினார். தள்ளிப்போட்டதற்கு விலையைக் குறைத்துவிட்டார். ஃபர்ஹத் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. எனக்குக் கல்லூரியில் வேலை இல்லை. ஜூனிலிருந்து இல்லை. இருபத்திரண்டு வருடம் கற்பித்தவனை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளாளரை நான் கப்ரு வரைக்கும் மறக்க மாட்டேன்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார் முரளி. வேண்டாம், நானே ஓட்டிவந்து விடுகிறேன் என்றேன். கிளம்பும்போது சகாதேவன் கேட்காமலே அடியில் ஒரு கை எண்ணெய் பூசிவிட்டான். “மெட்ராஸ்காரன் மோந்து பாத்துட்டு நம்மள நினைக்கணும் பாய்” என்றான்.

சென்னைக்கு வேறு வழியில்லை, உன் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். இத்தனை வருடம் கல்லூரி பஸ்ஸில் உன் ஊர் வரும்போதெல்லாம் நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். ஓட்டுகிறவன் பேப்பரை விரிக்க முடியாது. யாரிடமும் வழி கேட்கவில்லை. தெருமுனையில் திருப்பினேன், ஒரு வீட்டு வாசலில் வண்டி தானாக நின்றது போல் நின்றுவிட்டது. அது உன் வீடுதானா என்று தெரியாமல் ஹார்ன் அடித்தேன்.

உன் மாமியார்தான் வந்தார். கண்ணைச் சுருக்கி முதலில் காரைப் பார்த்தார், அப்புறம் என்னை.

“பாய் வண்டியாச்சே இது. நீ புள்ளையா?”

ஆமாம் என்றேன்.

“எல்லாரும் களத்துல இருக்காங்கப்பா, அறுப்பு. ஆள் அனுப்பட்டுமா?”

வேண்டாம், அவசரமாகப் போகிறேன் என்றேன்.

“சரி, எறங்காதே. உங்க வூட்டு ஆம்பளைங்க எறங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இரு, சோறு கொண்டாரேன்.”

கத்திரிக்காய்க் குழம்பு. முருங்கைக்கீரை. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு அது சௌகரியமான இடமே இல்லை. குழம்பு ஊற்றினால் தட்டு சாய்கிறது, முழங்கை ஹார்னில் இடிக்கிறது. பன்னிரண்டு வருடம் அந்த மனிதர் எப்படித்தான் சாப்பிட்டாரோ. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. உனக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. கை கழுவத் தண்ணீரையும் அந்த அம்மாளே ஜன்னல் வழியாக ஊற்றினார்.

சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். உன் ஊர் வரும்போது இருட்டிவிட்டது.

போன வாரம் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஒருவர் ஆணை கொடுத்தார், அவர் மவுத்தாகிவிட்டார், அதை வாங்கினவனை அது கட்டுமா என்று. “குடுத்தவரோட போச்சு. இத கேக்குறதுக்கா இத்தினி வருஷம்?” என்றார்.

இப்போது கையில் கார் கிடையாது. உன் வீட்டுக்கு வருவதென்றால் பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ்ஸில் வருகிறவன் எதில் உட்கார்ந்து சாப்பிடுவான்? உள்ளேதான் வந்தாக வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கிளம்புகிறேன். பரக்கத்தும் ஃபர்ஹத்தும் வருகிறார்கள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. எனக்கு உப்பு குறைவாகப் போடு. உன் வீட்டுக்காரரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நெல் விலையைப் பற்றிப் பேசலாம், அது எனக்குத் தெரிந்த விஷயம். எங்களை வாசலில் வந்து நின்று வரவேற்காதே, தெருவே பார்க்கும்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. என் கோபம் அப்படியே இருக்கிறது, அதில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அதையெல்லாம் உன் வீட்டுக்குள் உட்கார்ந்து, உன் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன்.

அண்ணன்